கம்ப்யூட்டர் மொய்

எங்கள் மதுரைப் பக்கத்து விசேஷங்களில் இப்போதெல்லாம் மொய் எழுத லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் மைக்கும் வந்துவிட்டன. பேரும் ஊரும் சொல்லிப் பணம் கட்டினால் ரசீது கையில். போன மாதம் ஒரு காதுகுத்தில் அந்த மேஜை முன்னால் அண்ணன் திருதிருவென்று முழித்தான். இவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள்? அதைவிடக் கொஞ்சமாவது கூடச் செய்ய வேண்டுமே! பழைய மொய் நோட்டைப் போட்டோ எடுத்துப் போனில்தான் வைத்திருக்கிறான். ஆனால் தேடப் போனவனால் குட்மார்னிங் ரோஜாக்களைத் தாண்டவே முடியவில்லை.

பின்னாலிருந்து அப்பத்தா குரல்: "உன் கல்யாணத்துக்கு ஐநூத்தி ஒண்ணு, ஒரு எவர்சில்வர் குடம். குடம் தகரம் மாதிரி இருந்துச்சு. அதையும் மனசுல வச்சுச் செய்யி."

அப்பத்தா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் மண்டியில் கணக்கு எழுதிய அவருடைய ஐயா, மகளுக்கு மாகாணி வாய்ப்பாட்டைச் சின்ன வயதிலேயே வாயில் ஏற்றிவிட்டார். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் அது தெரியாமல் கடைக்குப் போக முடியாது. 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். அதற்கும் கணக்கு உண்டு. 1957-ல் நயா பைசா வந்து ஊரே நூறுக்கு மாறியது. அப்பத்தா மாறவில்லை. 1907-ல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே சமயத்தில் கவனித்துச் சதாவதானி ஆனாரே செய்குத்தம்பிப் பாவலர், அவருக்கே எங்கள் அப்பத்தாவிடம் மொய் பாக்கி இருந்திருந்தால் தப்பித்திருக்க முடியாது. இத்தனைக்கும் காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா என்பது மத்தியானம் அவருக்கு ஞாபகம் இருக்காது.

அப்பா வேறு ரகம். கோவைச் சித்தப்பா வீட்டு லேண்ட்லைனை 0422-வோடு சேர்த்து இன்றும் ஒப்பிப்பார். அந்த போனை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் நம்பர் சரிதான்.

சரி, தொகை முடிவாகிவிட்டது. அண்ணன் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டான். தப்பு. மறுபடி போட்டான். அதுவும் தப்பு. வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். மேஜையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அவன் மகன், யு.கே.ஜி., கேம் வாங்குவதற்காக எப்போதோ பார்த்து வைத்திருப்பான் போல. நாலு எண்ணையும் கணீரென்று சொன்னான், மைக்குக்கு நேராக.

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதல் வேலையாகப் பின் நம்பரை மாற்றினான். புது நம்பரும் மகனுக்குத் தெரியும்.