பொதிகையின் மேற்குப் புறத்தில் மூன்று நாட்கள்

ஜனவரி 24, 2023, செவ்வாய்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்குப் பொதிகை என்பது மேற்கு வானத்தின் நீலச் சுவராகவே இருந்துவந்தது. இன்று அதன் மறுபுறமான போனக்காட்டிலிருந்து, கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு, காணிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி அண்ணனின் பின்னால் நடந்தேன். கரமனையாற்றையும் அதன்பின் வந்த ஓடைகளையும் கடக்கும்வரை மரநிழல் கூடவே வந்தது. அட்டையாற்றைத் தாண்டியதும் புல்வெளியில் வெயில் நேராக முதுகுப்பையின்மேல் இறங்கியது. முட்டிடிச்சான் ஏற்றத்துக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யானை வராதிருக்க அகழி வெட்டிய அதிருமலை முகாமில் சூடான கஞ்சி கிடைத்தது.

ஜனவரி 25, புதன்

விடிந்ததும் புறப்பட்டோம். உயரம் கூடக்கூட மரங்கள் குறுகி, கிளைகளில் பாசி தொங்கத் தொடங்கியது. பொங்காலைப் பாறைக்கு மேல் கயிற்றைப் பற்றியே ஏறவேண்டிய வழுக்குப் பாறைகள் உள்ளன; அங்கே காற்று ஆளைத் தள்ளிவிடும் போலிருந்தது. தென்றல் என்று நாம் கொண்டாடுவது பிறக்குமிடத்தில் இத்தனை வேகமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

1868 மீட்டர் உயரமுள்ள உச்சியில் அகத்தியர் சிலை திறந்த வெளியில் நிற்கிறது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2019 ஜனவரியில்தான் இந்த வழி பெண்களுக்குத் திறந்தது. காணி மக்களுள் பலர் அதை எதிர்த்தார்கள். இது அவர்களுடைய தெய்வத்தின் மலை என்பதால், சிலையைத் தொடாமல் தள்ளி நின்று கும்பிட்டேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேகம் சற்று விலகியபோது கிழக்கே மலைமடிப்புகளுக்கு அப்பால் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சமவெளி மங்கலாகத் தெரிந்தது. இந்த ஒரு மலையில் விழும் மழைதான் கிழக்கே தாமிரபரணியாகவும் மேற்கே நெய்யாறாகவும் கரமனையாறாகவும் பிரிகிறது.

ஜனவரி 26, வியாழன்

இறங்கும் வழியில் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகைச் செடியைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். 1987இல் இக்காட்டுக்கு வந்த தாவரவியல் அறிஞர்கள் நடந்து களைத்திருக்க, உடன்வந்த காணிகள் அதன் காயை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானபோது உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியதைப் பெரிய நியாயமாகவே கருதுகிறேன். செடி எங்கே வளர்கிறது என்று அண்ணன் காட்டவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கரமனையாற்றில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தபோது, “எந்த ஊரு?” என்று கேட்டார். சொன்னேன்.

“அப்போ மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ளம் குடிச்ச ஆளு. இதையும் குடி” என்று என் குப்பியை வாங்கி நிறைத்துக் கொடுத்தார்.