நுனி மூட்டு சாயும் விரல்கள்

கிட்டார் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்களின் இடது கையில் நான் முதலில் கவனிப்பது நகத்துக்குக் கீழே உள்ள நுனி மூட்டைத்தான். கம்பியை அழுத்தும்போது அது உள்பக்கம் மடங்கி நின்றால் கவலையில்லை. சிலருக்கு அது பின்பக்கமாகக் குழிந்துவிடும். விரல் படுத்துப் பக்கத்துக் கம்பியையும் தொட, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டிய சி கார்டில் ஒரு கம்பியாவது ஊமையாகிவிடும்.

"விரலை நிமிர்த்தி நல்லா அழுத்து" என்றுதான் இவர்களிடம் வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்த அறிவுரையில் உடன்பாடே கிடையாது. மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்கள் இவர்களுக்கு இயல்பிலேயே தளர்வு. நுனி மூட்டை மடக்கும் தசை வேறு, நடு மூட்டை மட்டும் மடக்கும் தசை வேறு. அழுத்தம் கூடக் கூட நடு மூட்டின் பலம் மேலோங்கி, நுனி மூட்டு பின்னால் போகிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் பலருக்குக் குறைவு. விரல் சாய்ந்தது கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். அக்கறையில்லை என்று திட்டு வாங்கியே கிட்டாரையே விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஆகவே நான் முதலில் கை வைப்பது கிட்டாரில். தடித்த 12 செட் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய 10 செட் போடுவேன். கம்பிகள் உயரமாக நின்றால் அவற்றைத் தாங்கும் இரு முனைகளில், அதாவது கழுத்து நுனியில் உள்ள நட்டிலும் உடல் பக்கம் உள்ள சேடிலிலும், இறக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் இரண்டாவதில், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்பான கேப்போவை மாட்டுவேன். சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும், இழுவிசை மட்டும் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருக்கும். ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் குறைவதால் விரலை அதிகம் விரிக்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் விரல். ஒரே கம்பி, ஒரே விரல், ஃப்ரெட்டை ஒட்டி. கம்பியைச் சும்மா தொட்டபடி மீட்டச் சொல்வேன். 'டொக்' என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே துளித்துளியாக அழுத்தினால் கரகரப்பு வரும், அப்புறம் ஸ்வரம் தெளியும். தெளிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "இவ்வளவு போதுமா சார்?" என்று கேட்பார்கள். போதும். அந்த அழுத்தத்தில் பெரும்பாலும் நுனி மூட்டு சாய்வதில்லை.

லேசாகச் சாய்ந்தாலும் ஒலி சுத்தமாக, வலியில்லாமல் இருந்தால் நான் திருத்துவதில்லை. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுகளில் ஏ வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் ஒன்றாலேயே மூன்று கம்பிகளை அழுத்தி, முதல் கம்பியைத் தொடாமல் விட வேண்டும். அதற்கு நுனி மூட்டு பின்னால் வளைந்தே ஆக வேண்டும். மற்றவர்கள் திண்டாடும் அந்த கார்டு இவர்களுக்குச் சட்டென்று வந்துவிடும்.

வலி இருந்தால் கதை வேறு. அன்றைக்கு வாசிப்பு அத்தோடு நிறுத்தம். கைக்கான பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொல்வேன். மூட்டு பின்னால் போகாமல் தடுக்கும் '8' என்ற எண்ணின் வடிவில் வளையங்கள் இருக்கின்றன, அவர்கள் விரலை அளந்து பொருத்திவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டே வாசிக்கலாம்.