மூட்டு மாற்றிய பிறகு எதற்கு இத்தனை நாள் படுக்கை?

டென்மார்க்கில் 2000-ல் முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் சராசரியாகப் பத்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். 2009-ல் அது நான்கு நாளாகிவிட்டது. அதிசய மருந்து எதுவும் வரவில்லை. ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவரும் சகாக்களும் "இவர் இன்னும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை?" என்று ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்தார்கள். வலி, தலைச்சுற்றல், அசதி... இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஐந்தில் ஒருவருக்குத் தாமதம் வேறு இடத்தில்: பிசியோதெரபி தொடங்க, எக்ஸ்ரே எடுக்க, ரத்தம் ஏற்றக் காத்திருந்தது!

டொயோட்டா தொழிற்சாலையில் காத்திருப்பையும் வீண் கணக்கில்தான் எழுதுவார்கள். உதிரிபாகம் காத்திருந்தால் பணம்தான் போகும், மூட்டு மாற்றியவர் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். அதனால்தான் ஆபரேஷன் அன்றைக்கே வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்க வைக்கிறார்கள். வேண்டாத சிறுநீர்க் குழாயும், காயத்திலிருந்து ரத்தம் வடிக்கும் குழாயும் போடுவதில்லை.

அதற்காக மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டு என்று துரத்துவதும் இல்லை. கட்டிலில் தானாக ஏறி இறங்கணும், கழிவறைக்குத் தானே போகணும், மாத்திரையிலேயே வலி அடங்கணும். காலண்டரைப் பார்த்து டிஸ்சார்ஜ் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். சரி, வீட்டுக் கழிவறையில் கைப்பிடி போட்டாச்சா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.