எஃப் கோட்டை நம்பி ஒரு வாரம்

2025 பெப்ரவரி 8, சனி

வன்னியில் மலைக்கு எங்கே போவது? வண்டிக்கு இழுவை இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குக் குளக்கட்டுதான். மல்லாவிப் பக்கம் என்றால் வவுனிக்குளம். இன்று கட்டில் ஏறும்போது அப்பாவின் ஹொண்டா சி 70 மோட்டார் சைக்கிள் பாதி வழியில் மூச்சு வாங்கியது. முதலாம் கியருக்கு வந்துதான் மேலே போனேன். இறங்கும்போது அக்சிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட், பட் என்று வெடி. வீட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் கொதித்துவிட்டது. கார்பரேட்டர் போன வாரம்தான் கழுவியது, பிளக் புதிது. அப்படியென்றால் ரைமிங், பிளக்கில் நெருப்பு விழும் நேரம். நெருப்பு பிந்தி விழுகிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

இடப்பக்க மூடியைக் கழற்றினேன். எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான மக்னட்டில் உள்ள ஓட்டை வழியே, திறக்கும்போது நெருப்பை விழவைக்கும் பொயின்ற் தெரியும். பீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, விட்டுப் பார்த்தால் இடைவெளி 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. இருக்கவேண்டியது 0.3 முதல் 0.4 வரை. பொயின்றைத் தள்ளித் திறக்கும் கேமில் எண்ணெய் தடவும் பஞ்சு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதில் உரசும் பொயின்றின் குதி தேயாமல் என்ன செய்யும்?

இந்த எஞ்சினில் பொயின்ற் பூட்டிய தட்டைத் திருப்பி ரைமிங் வைக்க வழியில்லை. இடைவெளிதான் எல்லாம். கூட்டினால் பொயின்ற் முந்தித் திறக்கும், குறைத்தால் பிந்தும். பல்பும் பற்றரியும் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் பொயின்ற் திறந்த பிறகும் கொயில் வழியே கரண்ட் ஓடுவதால் பல்பு அணையாது, மங்கும். அந்த மங்கலைப் பிடிக்க எனக்குக் கண் போதாது. அதனால் சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளில் ஒரு கீற்று வெட்டி, பொயின்றுக்குள் வைத்து மெதுவாக இழுத்தபடி மக்னட்டை இடஞ்சுழியாகத் திருப்பினேன். பிடித்து வைத்திருந்த தாள், நெருப்பு விழவேண்டிய இடத்தைக் காட்ட மக்னட்டில் போட்டிருக்கும் எஃப் கோடு எஞ்சினிலுள்ள குறிக்கு நேருக்கு வந்த அதே இடத்தில் வழுக்கி வெளியே வந்தது. இடைவெளி 0.35. இதைவிட என்ன வேண்டும்?

திண்ணையிலிருந்து அப்பா: "மண்ணெண்ணெய்க் காலத்தில நான் அதை நெருக்கித்தான் வைச்சனான் தம்பி."

தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், இதே வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோலை ஊசியால் விட்டு உதைத்துக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் சீக்கிரம் வெடித்துத் தட்டும் எண்ணெய். நெருப்பைக் கொஞ்சம் பிந்தவிட்டால்தான் எஞ்சின் தாங்கும். புத்தகம் பார்க்காமல் காதால் கேட்டு வைத்த ரைமிங்.

பெப்ரவரி 10, திங்கள்

குளக்கட்டு. கொஞ்சம் பரவாயில்லை. வெடி நிற்கவில்லை. நெல்லேற்றிய உழவு இயந்திரம் ஒன்று என்னை முந்திப் போனது!

பெப்ரவரி 12, புதன்

மாங்குளத்தில் தெரிந்த கராச்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வேலையை விட்டு நிமிரவேயில்லை. "எஃப் கோடு கிடக்கட்டும். பிஸ்டன் எங்க நிக்குது எண்டு பாத்தீரோ?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். முதலில் எடுத்தது ஈர்க்கு. துவாரம் சரிவாக இருப்பதால் உடைந்து உள்ளே விழுந்தால் யார் எடுப்பது என்று, சோடா குடிக்கும் ஸ்ட்ரோவுக்கு மாறினேன். உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் அசையாமல் நிற்கும், அங்கே கண்ணை நம்ப முடியாது. ஸ்ட்ரோவில் பேனையால் ஒரு கோடு போட்டேன். பிஸ்டன் ஏறும்போது அந்தக் கோடு துவாரத்தின் விளிம்புக்கு வந்ததும் மக்னட்டில் சோக்கால் ஒரு புள்ளி, உச்சி தாண்டி இறங்கும்போது அதே விளிம்பில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான உச்சி. உச்சியைக் காட்ட மக்னட்டில் போட்டிருக்கும் ரி கோடு அங்கே இருந்திருக்க வேண்டும். ஏழெட்டு மில்லிமீட்டர் பிந்தி நின்றது.

பெப்ரவரி 15, சனி

மக்னட்டை இழுத்தெடுக்கும் புலரை இரவல் வாங்கி, கராச்காரரும் நானுமாகக் கழற்றினோம். நட் பெரிய பலம் கேட்காமலே கழன்றது, அதுவே பதில். உள்ளே, மக்னட்டைத் தண்டில் நழுவாமல் பிடிக்கும் அரைவட்டக் கீயின் நடுவில் ஒரு படி. பாதி அறுந்திருக்கிறது. பொயின்றைத் திறக்கும் கேம் மக்னட்டின் குடத்திலேயே இருப்பதால், மக்னட் நழுவினால் எஃப் கோடும் பொயின்றும் சேர்ந்தே நழுவும். கள்ளனுக்குக் கள்ளன் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சாட்சியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியாக அந்த நட்டை இறுக்கியது யார் என்று கராச்காரர் கேட்டார். நான்தான், போன ஆவணியில், சக்கரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு. அதைச் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

புதுக் கீ. தண்டின் கூம்பில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, மக்னட்டைப் பிடிகருவியால் பிடித்து இறுக்கினோம். கண்ணாடித்தாள் மறுபடியும் எஃப்பில் வழுக்கியது. இந்த முறை ஸ்ட்ரோவையும் வைத்துப் பார்த்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனேன். இரண்டாம் கியரிலேயே ஏறியது. இறங்கும்போது வேண்டுமென்றே அக்சிலேட்டரை விட்டேன், சத்தமில்லை.

"அந்தக் கண்ணாடித்தாளில கொஞ்சம் எடுத்து வை தம்பி," என்றார் அப்பா. "2022இல பெற்றோல் வரிசையில நிண்டது மறந்துபோச்சோ? திரும்ப மண்ணெண்ணெய் விட வேண்டி வந்தா, நெருக்க வேணுமெல்லோ."