கல்லா, பாறையா? தரங்கம்பாடியிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு

எங்கள் வீட்டில் ஒரே அப்போஸ்தலருக்கு இரண்டு பெயர்கள். எனக்குப் பேதுரு, என் மாமியாருக்கு இராயப்பர். நான் லுத்தரன் என்ற புரொட்டஸ்டன்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். அவர் பரம்பரைக் கத்தோலிக்கர். நான் ஜெபம் என்றால் அவர் செபம் என்பார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் எனக்கு லெந்து, அவருக்குத் தவக்காலம். இந்த ஆண்டு அந்த நாற்பது நாட்களுக்குள் இரண்டு ஊர்களுக்குப் போய்வர வேண்டும் என்று நான் கேட்டபோது, "உங்கள் ஐயர் அடக்கமான கோயிலுக்கு நான் வருகிறேன் மாப்பிள்ளை. எங்கள் மாதா கோயிலுக்கு நீங்கள் வாருங்கள்" என்றார். ஒரு சனிக்கிழமை விடியலில் என் மனைவியும் நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு முன்னால் கடல் மிக அருகில் வந்து நிற்கிறது. என் மாமியார் சொன்ன 'ஐயர்', டேனிஷ் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய லுத்தரன் போதகர் சீகன்பால்க், 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார். ஜெர்மானியர், அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அரிச்சுவடி எழுதிப் பழகினார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்துவிட்டது. இந்திய மொழி ஒன்றில் அது அச்சானது அதுவே முதல் முறை. ஜெர்மனியிலிருந்து வந்த அச்சு எழுத்துகள் பெரிதாக இருந்து தாளை விழுங்கியதால், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்.

புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் 1718 என்ற ஆண்டும் அரசரின் முத்திரையும் இருக்கின்றன. அந்த ஆலயம் பிரதிஷ்டையான சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் சீகன்பால்க் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. அவருடைய கல்லறை உள்ளேயே இருக்கிறது. நான் முழங்காலில் நின்றேன். என் பாட்டி எழுத்துக் கூட்டி வேதம் வாசித்தது நினைவுக்கு வந்தது. அவர் வேறு எந்தப் புத்தகத்தையும் வாசித்து நான் பார்த்ததில்லை. கண் திறந்தபோது, அத்தை பின் வரிசையில் செபமாலையைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றிருந்தார். வெளியே வந்ததும், "உங்கள் ஐயர் நல்ல மனிதர். ஆனால் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?" என்றார்.

எங்கள் இரு சபைகளும் ஐந்நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அதுதான். 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசின் சபை முன்னால் நின்ற, எங்கள் சபைக்குப் பெயர் தந்த லூத்தர், போப்புகளும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், தன் மனச்சாட்சி தேவவசனத்துக்குக் கட்டுப்பட்டது என்றார். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், வேதாகமத்தையும் திருத்தூதர் வழிவந்த மரபையும் ஒரே பக்தியோடு ஏற்க வேண்டும், திருச்சபையின் பொருளுக்கு மாறாக எவரும் வேதத்துக்குப் பொருள் சொல்லக்கூடாது என்று தீர்மானித்தது. அத்தை பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். திரெந்து என்ற பெயரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் அதே கேள்வியைத்தான் அந்த வாசலில் நின்று கேட்டார்.

தரங்கம்பாடிப் புத்தகம் என்ன செய்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரர் என்ற பதவியில் இருந்த இராஜநாயக்கன் பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்களை வாசித்து, 1720களில் லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியார் ஆனார். ஒரு படைவீரர் தனியே உட்கார்ந்து வாசித்து, தன் சபையையே மாற்றிக்கொண்டார். எனக்கு இது அருளின் செயல். அவருடைய பழைய சபைக்கு இது எவ்வளவு பெரிய காயமாக இருந்திருக்கும் என்பதைக் கொள்ளிடம் தாண்டிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு என்று வந்து, கொள்ளிடம் பாலத்தைக் கடந்து திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பாடிய ஊர். இத்தாலியில் பிறந்த சேசு சபைத் துறவி. தமிழில் அவர் தொடாத துறை குறைவு. இங்கே அவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடினார். அதே கையால்தான் 1728இல் தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து 'வேத விளக்கம்' எழுதினார். அவர்கள் 'திருச்சபைப் பேதகம்' என்று பதில் சொல்ல, இவர் 'பேதகமறுத்தல்' எழுதினார். லுத்தர் இனத்து இயல்பு பற்றியும் தனியே ஒரு நூல் செய்தார். சீகன்பால்க்கின் தமிழை அவர் கடுமையாகப் பழித்தார். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் தமிழை அறிந்தவர் சொன்னது என்பதால் தள்ளவும் முடியவில்லை. அந்த மொழிபெயர்ப்பு அவசரமாகப் பிறந்தது. பின்னால் வந்த எங்கள் சபையாரே பலமுறை திருத்தி எழுதினார்கள்.

எங்கள் ஆட்கள் எளிதில் மறந்துவிடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழில் கிறிஸ்தவ நூலை முதலில் அச்சிட்டவர்கள் கத்தோலிக்கர்கள். தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. சீகன்பால்க் கத்தோலிக்கர் எழுதிவைத்த தமிழ் நூல்களைத் தேடி வாசித்து, அவற்றிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டவர். அவர் கொடுத்த வேதத்துக்கே அவர்களுடைய சொற்கள் தேவைப்பட்டன. எந்தப் புத்தகமும் தனியாக வருவதில்லை என்று அத்தை சொல்ல வந்தது இதைத்தானோ என்று தோன்றியது.

கோயில் வளாகத்தில் மரநிழலில் உட்கார்ந்து மத்தேயு 16ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். என் பழைய மொழிபெயர்ப்பில், "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்" என்று இருக்கிறது. அத்தை வைத்திருந்தது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் பாறை, அதில் திருச்சபை. இரு சபை அறிஞர்களும் சேர்ந்து செய்த அந்த நூலில் இராயப்பர் என்ற பெயர் இல்லை, அவரும் பேதுருதான். எங்கள் அறுபத்தாறு புத்தகங்களோடு, அவர்கள் ஏற்கும் தோபித்து, மக்கபேயர் முதலியவையும் அதில் இருக்கின்றன.

அந்தப் பாறை பேதுருவின் அறிக்கை, "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்ற சொல் என்பது நான் கற்றது. பாறை பேதுருவேதான், அவருக்குப் பின் உரோமையில் அமர்பவர்கள்தான் என்பது அத்தை கற்றது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வசனம் தள்ளி அதே பேதுருவைத்தானே ஆண்டவர் சாத்தானே என்று கடிந்தார் என்று காட்டினேன். தவறக்கூடிய மனிதரான போப், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி வரையறுத்துச் சொல்லும்போது மட்டும் தவறமாட்டார் என்று 1870இல் வத்திக்கான் சங்கம் அறிவித்ததை என்னால் ஏற்க முடியாது என்றும் சொன்னேன்.

அத்தை கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லூக்காவில் இன்னொன்று இருக்கிறது, எடுங்கள்" என்றார். தேடினேன். இருபத்திரண்டாம் அதிகாரம். பேதுரு மறுதலிக்கப்போகிறார் என்று தெரிந்தே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று ஆண்டவர் சொல்லும் இடம். "விழுவான் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டார். சகோதரர்களைத் தாங்கு என்று அந்த ஆளிடம்தானே சொன்னார்?" என்றார் அத்தை. இதற்கு எங்கள் பக்கத்தில் பதில்கள் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசனத்தைப் போப்பைப் பற்றியதாக நான் ஒருமுறையும் வாசித்ததில்லை. பதிலை அப்போது சொல்ல மனம் வரவில்லை.

மாலைப் பூசைக்கு மணி அடித்தது. நற்கருணை மன்றாட்டில் குருவானவர் திருத்தந்தையின் பெயரைச் சொன்னார். விழக்கூடியவருக்காக வேண்டிக்கொள்வதில் எனக்கு என்ன தடை? ஆமென் என்று சொன்னேன். நற்கருணை வாங்க வரிசை எழுந்தபோது என் மனைவியும் அத்தையும் போனார்கள். நான் வாங்க முடியாது. அது அவர்கள் சபையின் ஒழுங்கு, என் சபை வேறு. பெஞ்சில் இருந்தபடி, மடியில் கிடந்த வேதாகமத்தின் மேல் கைவைத்துக்கொண்டேன். அந்த நீளமான வரிசை முன்னே நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண் நிறைந்தது.

அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். அவருடைய செபம் முடிய நெடுநேரம் ஆனது. நான் காத்திருந்தேன்.