மில்டன் புயலுக்கு முன் டாம்பாவை விட்டு வெளியேறிய அனுபவம்

புளோரிடாவுக்குக் குடிவரும் நம் ஆட்கள் வீடு பார்க்கும்போது அந்தப் பகுதிப் பள்ளிக்கூடம் எப்படி என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அந்த வீடு எந்த எவாகுவேஷன் சோனில் (புயலின்போது வெளியேற வேண்டிய பகுதி) இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வலைத்தளத்தில் முகவரியைப் போட்டால் ஏ முதல் ஈ வரை ஓர் ஆங்கில எழுத்து வரும். அந்த எழுத்துக்கும் காற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கடல் உள்ளே ஏறினால் எந்த இடம் முதலில் மூழ்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. 2024 அக்டோபரில் மில்டன் எங்களை நோக்கி வந்தபோது வீட்டில் எடுத்த முடிவுகள் எல்லாமே அந்த ஓர் எழுத்தை வைத்துத்தான்.

நாங்கள் இருப்பது ராக்கி பாயின்ட்டில். டாம்பா விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஏ சோன், அதாவது முதலில் மூழ்குவது.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன். புயல் என்றால் எங்கள் ஊரில் முதலில் காற்றைத்தான் பேசுவோம். டாம்பாவில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. மில்டனுக்கு இரண்டு வாரம்கூட முன்னால் இல்லை, செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் கரையைக் கடந்தது. அவ்வளவு தூரத்தில் போன புயலுக்கே விரிகுடாவில் பல பத்தாண்டுகளாக இல்லாத அளவுக்குக் கடல் ஏறியது. எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் உப்புத் தண்ணீர் நின்றது. பக்கத்துப் பினெல்லஸ் கவுன்ட்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். விரிகுடா ஆழமில்லாதது, வாய் அகன்று உள்ளே குறுகிப் போவது. தள்ளப்படும் தண்ணீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்புயல் ஒன்று டாம்பாவை நேராகத் தாக்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. கடைசியாக 1921இல். அதனால் ‘இங்கெல்லாம் வராது’ என்று சொல்பவர்கள் ஊரில் நிறைய.

அக்டோபர் 5 சனிக்கிழமை மெக்சிகோ வளைகுடாவில் மில்டனுக்குப் பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது புயல்களிலேயே மிகக் கடுமையான ஐந்தாம் வகைக்குப் போய், உச்சத்தில் மணிக்கு 290 கிலோமீட்டர் காற்று. ஏ, பி சோன்களில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கேயே தங்கினால் செத்துப்போவீர்கள் என்று மேயர் ஜேன் காஸ்டர் தொலைக்காட்சியில் நேரடியாகவே சொன்னார். டாம்பா விரிகுடாவில் 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்பது அப்போதைய கணிப்பு. ஹெலீனில் நனைந்த சோஃபாவும் மெத்தையும் சுவர்ப் பலகைகளும் இன்னும் தெருவோரம் குவிந்து கிடந்தன. காற்றில் பறந்தால் ஆளைக் கொல்லும் என்று இரவு பகலாக லாரிகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்குக் கிளம்ப மனமில்லை. நவராத்திரி நேரம், கொலு வைத்திருந்தோம். “மூணாவது மாடியிலதானே இருக்கோம் மாப்பிள்ளை, தண்ணி இவ்வளவு உயரமா வரப்போகுது?” என்றார். நியாயமான கேள்வி, ஏ சோனில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வராது. ஆனால் கீழ்த்தளம் மூழ்கினால் லிஃப்ட் நிற்கும், கரண்ட் போகும், கழிவறை வேலை செய்யாது, காரை எடுக்க முடியாது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வெளியே வரமாட்டா. “ராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலின்னா யாரும் வரமாட்டாங்க அத்தை” என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். விஜயதசமிக்கு முன்னால் கொலுவைக் கலைப்பது அவருக்கு மிகவும் வேதனையாக இருந்தது. ஆரத்தி எடுத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மரப்பாச்சி ஜோடியை மட்டும் தன் கைப்பையில் எடுத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட், விசா காகிதங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் தண்ணீர் புகாத பையில் போனது. ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து கைப்பேசியில் வீடியோ எடுத்தோம். பிறகு காப்பீடு கேட்க இது வேண்டும். மருந்து விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: புளோரிடாவில் அவசரநிலை அறிவித்தால், அடுத்து வாங்க வேண்டிய நாள் வராவிட்டாலும் 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்கலாம், சட்டத்திலேயே இடமுண்டு. என் மனைவியின் தைராய்டு மாத்திரையை அப்படித்தான் வாங்கினோம்.

எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. உடன் வேலை செய்பவர்கள் சிலர் அட்லான்டாவுக்கே கிளம்பினார்கள். ஐ-75 நெடுஞ்சாலையில் சாலையோரப் பாதையையும் திறந்துவிட்டும் வண்டிகள் ஊர்ந்தன, வழியில் பெட்ரோல் இல்லை. புளோரிடாவில் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. எரிபொருள் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது, புயலுக்காகத் துறைமுகத்தை மூடினால் பெட்ரோல் பங்க்குகள் வற்றிவிடும். இங்கே அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டாம், மேட்டு நிலத்துக்குப் போனால் போதும். தண்ணீரிடமிருந்து ஓடு, காற்றிடமிருந்து ஒளிந்துகொள். நாங்கள் சுமார் 30 மைல் தள்ளி, வெஸ்லி சேப்பலில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனோம். எந்த சோனிலும் வராத இடம். 1992இல் ஆண்ட்ரூ புயலில் பட்ட அடிக்குப் பிறகு கடுமையாக்கிய கட்டட விதிகளின்படி கட்டிய புது வீடு. அப்படி நண்பர் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடங்களில் முகாம் திறந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க எல்லோரும் புயல் முன்னறிவிப்பு வரைபடத்தில் வரும் கூம்பு வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூம்பு காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய இடத்தை மட்டும்தான். கூம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமே கிடையாது. புதன்கிழமை பிற்பகலில், புயல் கரையைத் தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் மறுகரையில் ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் சூறாவளிச் சுழல்கள் (டொர்னாடோ) இறங்கி ஆட்களைக் கொன்றன.

அன்று இரவு எட்டரை மணிவாக்கில் மில்டன் சரசோட்டாவுக்கு அருகே சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தது. எங்களுக்கு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத உள்அறையில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அத்தை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே இருந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா மைதானத்தின் கூரை கிழிந்தது, கட்டுமான கிரேன் ஒன்று கட்டடத்தின் மேல் விழுந்தது. அங்கே பெய்த மழை 18 அங்குலம். மாநிலத்தில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை.

எங்கள் ராக்கி பாயின்ட் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புயல் தெற்கே போனதால், அதன் வடபக்கத்துக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துப் போனது. மையம் சில பத்து மைல் வடக்கே வந்திருந்தால் அதே தண்ணீர் உள்ளே வந்திருக்கும். ‘வீணாகத்தானே கிளம்பினீர்கள்’ என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. வீண் இல்லை. அடுத்த முறையும் உத்தரவு வந்த அன்றே கிளம்புவேன்.

ஆயுத பூஜையை நண்பர் வீட்டிலேயே மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்தோம். பெட்ரோல்தான் பெரும்பாடு. அரசு சில இடங்களில் ஆளுக்கு 10 கேலன் இலவசமாகக் கொடுத்தது, வரிசை மிக நீளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடும் வாடகைதாரர் காப்பீடும் வெள்ளத்துக்குப் பணம் தரா. வெள்ளக் காப்பீடு தனி, வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்கு எடுக்கலாம். ஆனால் அரசுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், புயல் பெயர் வைத்த பிறகு ஓடினால் பயனில்லை. பருவம் ஜூன் 1இல் தொடங்குகிறது. ஏப்ரலிலேயே எடுத்துவிடுங்கள்.