ரென்-லெ-ஷாத்தோ: மகதலா மரியாவின் பெயரில் ஒரு குன்று

தென் பிரான்சில் கார்க்கசோன் கோட்டையிலிருந்து ஓட் ஆற்றை ஒட்டித் தெற்கே போனால் லிமூ வரும். அப்புறம் குயிசா என்ற சின்ன ஊர். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, புதர்க்காட்டுக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் நாலு கிலோமீட்டர் நடந்தேன். மேலே போகப் போகக் காற்று ஆளையே தள்ளுகிறது. உச்சியில் நூறு பேர்கூட வசிக்காத ரென்-லெ-ஷாத்தோ.

இயேசுவுக்கும் மகதலா மரியாவுக்கும் பிள்ளை பிறந்தது, அந்த வம்சம் பிரான்சின் பழைய மெரோவிஞ்சிய அரச குலத்தில் கலந்தது, அதற்கான அத்தாட்சி இந்தக் குன்றில் புதைந்திருக்கிறது என்று நம்பும் பலர் உலகின் எங்கெங்கிருந்தோ இங்கே வருகிறார்கள். நான் போனது மரியாவுக்காக. உயிர்ப்பு ஞாயிறு வாசகத்தில் விடியும் முன்பே கல்லறைக்குப் போகும் அந்தப் பெண்மேல் சிறு வயதிலிருந்தே எனக்குப் பெரிய பிரியம். ஊர்க்கோயிலும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1885-ல் பெராஞ்சே சோனியேர் இங்கே பங்குச் சாமியாராக வந்தபோது கோயில் இடிந்து விழும் நிலையில் இருந்தது. பக்கத்து மலையூரான மொந்தசெல்லில் பிறந்தவர். கோயிலை அடியோடு புதுப்பித்தார். வாசலுக்கு மேல், இந்த இடம் எவ்வளவு பயங்கரமானது என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. மர்மம் தேடி வருபவர்கள் இதைப் படம் எடுத்துக்கொண்டு ஏதேதோ எழுதுகிறார்கள். பைபிளில் ஏணிக் கனவு கண்டு விழித்த யாக்கோபு சொன்ன சொல் அது. கோயில் அர்ச்சிப்புப் பூசையில் காலங்காலமாகப் பாடுவது. இதுவே கடவுளின் வீடு, இதுவே விண்ணக வாசல் என்றுதான் அந்த வசனம் தொடர்கிறது.

உள்ளே நுழைந்ததும் தீர்த்தத் தொட்டியைத் தோளில் சுமந்தபடி ஒரு பிசாசு குனிந்திருக்கிறது. அதன் மேலே நாலு சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், சிலுவை அடையாளம் போடுகிறார்கள். 2017-ல் பிரெஞ்சு அதிபர் தேர்தல் நாளன்று ஒரு பெண் கோடரியோடு வந்து இந்தப் பிசாசின் தலையை வெட்டினார். கதை முற்றினால் கை கோடரிக்குப் போகிறது, எனக்கு அது பயமாக இருக்கிறது. வருபவர்கள் பெரும்பாலும் பிசாசோடு நின்றுவிடுகிறார்கள். பீடத்தின் முகப்பில் மகதலா மரியா குகையில் முழந்தாளிட்டு ஜெபிக்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சோனியேர் தன் கையாலேயே வண்ணம் தீட்டியது என்கிறார்கள். அதன் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோயிலுக்கு அப்பால் பெத்தானியா மாளிகை, தோட்டம், பள்ளத்தாக்கின் விளிம்பில் மக்தலா கோபுரம். ஏழைப் பங்கின் சாமியாருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? புதையலும் ரகசிய ஓலையும் என்கிறது கதை. அவருடைய கணக்குப் புத்தகங்களோ வேறு சொல்கின்றன. நம் ஊரில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் காணிக்கை கட்டுவோம் அல்லவா, அப்படி நாடெங்கிலும் இருந்து தபாலில் பணம் வாங்கினார். ஒரு சாமியாரால் வைத்து முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் பூசைகளுக்கு வாங்கினார். கார்க்கசோன் ஆயர் விசாரித்துத் தண்டனை கொடுத்தார். 1917-ல் சோனியேர் இறந்தார். சொத்தெல்லாம் வீட்டு வேலை பார்த்த மரி தெனார்னோ பெயரில் இருந்தது. அந்த அம்மாள் 1953 வரை வாழ்ந்தார்.

அவரிடமிருந்து இடத்தை வாங்கிய நோயல் கோர்பு, 1950-களில் மாளிகையில் உணவகம் திறந்தார். மலை ஏறிச் சாப்பிட ஆள் வர வேண்டுமே! கோடிகளைக் கண்டெடுத்த சாமியார் கதை 1956-ல் ஒரு செய்தித்தாளில் வந்தது. அதே ஆண்டில் பிரான்சின் இன்னொரு மூலையில் பியேர் பிளான்டார் என்பவர் 'சியோன் மடம்' என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். 679-ல் கொல்லப்பட்ட மெரோவிஞ்சிய அரசர் இரண்டாம் தாகோபெர்ட்டின் வாரிசு தான் என்று காட்ட, சோனியேர் கதையையும் கோர்த்த போலி வம்சாவளித் தாள்களை 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் வைத்தார். இந்த வம்சம் இயேசுவின் இரத்த வழி என்ற பகுதியை 1982-ல் வெளியான ஓர் ஆங்கிலப் புத்தகம் சேர்த்தது. அதைப் பிளான்டாரே ஏற்கவில்லை. 1993-ல் ஒரு நீதிபதி விசாரித்தபோது எல்லாம் புனைவு என்று ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் அவர் தொட்ட நரம்பு பழையது. கி.பி. 950 வாக்கில் அத்சோ என்ற துறவி, கெர்பெர்கா அரசிக்கு, உலக முடிவுக்கு முன் வரும் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். கடைசிக் காலத்தில், மெரோவிஞ்சியரும் சேர்ந்த பிராங்க் குலத்து அரசர் ஒருவர் எருசலேம் சென்று, ஒலிவ மலையில் செங்கோலையும் கிரீடத்தையும் இறக்கி வைப்பார் என்கிறது அது. கடைசி நாளில் ஒரு பேரரசர் எழுவார் என்ற எதிர்பார்ப்பு பிரான்சில் நூற்றாண்டுகளாக ஓடி வந்தது. குலமும் உலக முடிவும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டது அப்படித்தான்.

கோபுரத்தில் ஒரு ஜெர்மன் பெண்மணியைச் சந்தித்தேன். மரியாவின் வம்சம் விரைவில் வெளிப்படும், காலம் நெருங்கிவிட்டது என்று கண் கலங்கச் சொன்னார். தேவாலயம் மரியாவைப் பாவி என்று ஒதுக்கிவிட்டதே என்ற கோபம் அவருக்கு. அந்தக் கோபம் நியாயமானது. 591-ல் போப் கிரகோரி தன் பிரசங்கத்தில் மகதலா மரியாவையும் லூக்கா நற்செய்தி சொல்லும் பாவியான பெண்ணையும் ஒருவராக்கினார், அந்தப் பழி பல நூற்றாண்டுகள் ஒட்டிக்கொண்டது. ஆனால் வம்சக் கதை அவரை மீட்கிறதா? உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவரை, வாரிசைச் சுமந்த வயிறாகச் சுருக்கிவிடுகிறது. எனக்கு ஆறவில்லை. கடவுளின் விருப்பப்படி நடப்பவரே என் தாய், என் சகோதரர் என்று இயேசு சொன்ன மாற்கு நற்செய்தியில் இரத்தத்துக்கு எங்கே இடம்? அந்த நாளும் நேரமும் மகனுக்கும் தெரியாது என்பதும் அதே மாற்குதான். அந்த ஜெர்மன் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். தலையசைத்தார், ஒத்துக்கொள்ளவில்லை.

அதே வட்டாரத்தில்தான் 1,230 மீட்டர் உயர புகராஷ் மலை இருக்கிறது. பைரனீஸ் மலைத்தொடர் எழுந்தபோது பழைய பாறை புதிய பாறைமேல் ஏறிவிட்டதால் தலைகீழ் மலை என்பார்கள். 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும், இந்த மலை மட்டும் தப்பும் என்று வதந்தி பரவி, போலீஸ் மலைப்பாதையை அடைக்க வேண்டியதாயிற்று. அன்று நம்பிக்கையாளர்களைவிடப் பத்திரிகையாளர்கள்தான் அதிகம் வந்தார்கள்.

போகிறவர்களுக்கு: மண்ணைத் தோண்டாதீர்கள், 1965 முதல் ஊரில் அதற்குத் தடை. சோனியேரின் உடலையே கூட்டத்துக்குப் பயந்து 2004-ல் கல்லறைத் தோட்டத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். முடிந்தால் ஜூலை 22-ஐ ஒட்டிப் போங்கள், அது மகதலா மரியாவின் திருநாள். 2016-ல் போப் பிரான்சிஸ் அதை அப்போஸ்தலர்களின் திருநாளுக்குச் சமமாக உயர்த்தினார்.